ஃப்ரீ டிக்கெட்டுக்கு யார் காசு? கேசினோ இலவசப் பயணங்களின் 160 வருஷக் கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு வழிச்செலவுக் காசுல இருந்து ஆரம்பிக்கலாம்.

இடம் மொனாக்கோ, மான்டி கார்லோ. 19ஆம் நூற்றாண்டோட பிற்பகுதி. ஒருத்தர் கேசினோவுல கையில இருந்ததை எல்லாம் தோத்துட்டார். ஹோட்டல் பில் கட்டக் காசு இல்ல, ஊர் திரும்பவும் காசு இல்ல. அவர் நேரா கேசினோ நிர்வாகத்துக்கிட்ட போய் நிலைமையைச் சொல்வார். அவர் நிஜமாவே அங்க விளையாடித் தோத்தவர்தானான்னு விசாரிப்பாங்க. உறுதியாச்சுன்னா, ஊர் போய்ச் சேர்றதுக்கான பணத்தைக் கொடுத்து அனுப்புவாங்க. பிரெஞ்சுல அதுக்குப் பேரு 'வியாட்டிக்'. நம்ம பாஷையில சொன்னா வழிச்செலவு. ஒரே ஒரு நிபந்தனை. அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டுற வரைக்கும் மறுபடி கேசினோவுக்குள்ள காலெடுத்து வைக்க முடியாது.

இது தர்மம் கிடையாது. எல்லாத்தையும் தோத்த ஆளு ஊருக்குள்ளயே சுத்திட்டு இருந்தா வியாபாரத்துக்குக் கெட்ட பேரு. மான்டி கார்லோவுல தற்கொலைகள் நடக்குதுன்னு ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதிட்டு இருந்த காலம் அது. அதனால டிக்கெட் வாங்கிக் கொடுத்து அனுப்பி வைக்கிறது அவங்களுக்கு லாபம்.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, இந்த வருஷம் மட்டும் நம்ம நேயர்கள் மூணு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியை அனுப்பியிருக்கீங்க. "கொழும்பு கேசினோ ட்ரிப் ஃப்ரீ. ஃப்ளைட், ஸ்டார் ஹோட்டல், சாப்பாடு எல்லாம் அவங்க செலவு. ஒரு டெபாசிட் மட்டும் கட்டணும்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. போகலாமா?" இதுக்கு ஒரு வரியில பதில் சொல்லலாம். ஆனா இந்த ஆஃபருக்குப் பின்னாடி ஒரு நீளமான சரித்திரம் இருக்கு. அது தெரிஞ்சா, எதை எதிர்பார்த்துப் போகணும்னு நீங்களே சொல்லிடுவீங்க.

ஒரு பூஜ்யத்தை விட்டுக்கொடுத்த வியாபாரி

பிரான்ஸ்ல 1837 முடிவோட சூதாட்ட விடுதிகளை மூடிட்டாங்க. ஆட விரும்பினவங்க ஜெர்மன் பக்கம் இருந்த குளியல் ஊர்களுக்குப் போக ஆரம்பிச்சாங்க. வெந்நீர் ஊற்றுல குளிச்சா உடம்புக்கு நல்லதுன்னு பேரு, ராத்திரி முழுக்க சீட்டும் சக்கரமும்.

அதுல பாட் ஹோம்பர்க்னு ஒரு சின்ன ஊர். அங்க கேசினோ நடத்தினவர் ஃப்ரான்சுவா ப்ளான்க். ரூலெட் சக்கரத்துல வழக்கமா ரெண்டு பூஜ்யம் இருக்கும். அந்த ரெண்டு கட்டம்தான் கேசினோவோட லாபம். 1840கள்ல ப்ளான்க் அதுல ஒண்ணை எடுத்துட்டார்.

கணக்கு எளிசு. 36 எண்கள், கூட ஒரு பூஜ்யம், மொத்தம் 37 கட்டம். நீங்க ஒரு எண் மேல வச்சது ஜெயிச்சா 35 மடங்கு தர்றாங்க. நியாயமா 36 மடங்கு தரணும். அந்த ஒரு மடங்குதான் வீட்டுக்காரனோட பங்கு. 100 ரூபா வச்சா சராசரியா 2 ரூபா 70 காசு அவங்களுக்கு. ரெண்டு பூஜ்யம் இருந்தா அதுவே 5 ரூபா 26 காசு. ப்ளான்க் தன் லாபத்துல பாதியை விட்டுக்கொடுத்தார். கூட்டம் குவிஞ்சது. குறைஞ்ச சதவீதம், ஆனா நிறைய பந்தயம். மொத்தத்துல அவருக்குத்தான் அதிகம்.

கேசினோ உலகத்தோட எல்லா இலவசத்துக்கும் அடிப்படை இதுதான். முன்னாடி கொஞ்சம் கொடு, நீண்ட நேரம் உட்கார வை.

1863ல ப்ளான்க் மொனாக்கோ கேசினோவோட உரிமையை வாங்கினார். 1868ல ரயில் பாதை மொனாக்கோவுக்கு வந்து சேர்ந்தது. அதுக்கு முன்னாடி அங்க போய்ச் சேர்றதே பெரிய பாடு. ஜெர்மன் பக்கம் 1872 முடிவோட கேசினோக்களை மூடினதும் ஐரோப்பாவோட சூதாட்டப் பணம் மொனாக்கோ பக்கம் திரும்பிடுச்சு.

இன்னொரு விஷயம் கவனிங்க. மொனாக்கோ குடிமக்கள் அந்தக் கேசினோவுல ஆடக் கூடாது. அன்னைக்கும் இன்னைக்கும் அதுதான் விதி. வெளியூர்க்காரனை விருந்தாளியா கூப்பிடுவாங்க, சொந்த ஊர்ப் பிள்ளைகளை வாசல்லயே நிறுத்திடுவாங்க. இந்த விதியை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப வரும்.

சொந்தமா விமானம் வாங்கின ஹோட்டல்

அடுத்து அமெரிக்கா. நெவாடா மாநிலம் 1931ல சூதாட்டத்தைச் சட்டப்பூர்வமாக்கிச்சு. லாஸ் வேகாஸ் பாலைவனத்துக்கு நடுவுல இருக்கு. ஆட்கள் அங்க எப்படி வர்றது, அதுதான் பிரச்சனை.

1956ல ஹசியென்டான்னு ஒரு ஹோட்டல் திறந்தாங்க. மத்த பெரிய ஹோட்டல்களை விட்டுத் தள்ளி, சாலையோட தென்கோடியில இருந்தது. அதை நடத்தின வாரன் பெய்லி ஒரு வேலை பண்ணினார். ஆள் வரலைன்னா நாமளே போய்க் கூட்டிட்டு வருவோம்னு ஹோட்டலுக்குன்னு சொந்தமா விமானங்கள் வாங்கினார். லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி ஊர்கள்ல இருந்து ஆளை ஏத்திட்டு வருவாங்க. போற வழியிலயே ஷாம்பெய்ன். விமானமும் ஹோட்டலும் சேர்ந்த பேக்கேஜ், விலை ரொம்பக் கம்மி. கடைசியில அமெரிக்க விமான ஒழுங்குமுறை வாரியம், நீங்க உரிமம் இல்லாம விமான நிறுவனம் நடத்துறீங்கன்னு சொல்லி 1962ல அதை நிறுத்திடுச்சு.

ஆனா அந்த யோசனை சாகல. 1960கள்ல அது 'ஜங்கெட்'ங்கிற தொழிலா வளர்ந்தது. அந்த வார்த்தைக்குப் பழைய அர்த்தம் கோரைப் புல்லுல பின்னின கூடைன்னு சொல்றாங்க. அந்தக் கூடையில வச்ச பாலாடைக்கு அதே பேரு, அப்புறம் விருந்துக்கு, கடைசியில அடுத்தவன் காசுல போற உல்லாசப் பயணத்துக்கு.

நியூயார்க்ல ஜூலியஸ் வெய்ன்ட்ராப்னு ஒருத்தர். 'பிக் ஜூலி'ன்னுதான் எல்லாருக்கும் தெரியும். லாஸ் வேகாஸோட ட்யூன்ஸ் ஹோட்டலுக்கு விமானம் விமானமா ஆளைக் கூட்டிட்டுப் போனவர். டிக்கெட், ரூம், சாப்பாடு, குடி எல்லாம் ஃப்ரீ. ஆனா கண்டவங்களும் அந்த விமானத்துல ஏற முடியாது. எவ்வளவு பணத்தோட வர்ற, எவ்வளவு கடன் வாங்கினா திருப்பிக் கட்டக்கூடிய ஆளுங்கிறதைப் பார்த்துத்தான் சீட்டு. போய் இறங்கினதும் மேஜையில உட்காரணும். ரூம்ல தூங்கிட்டு, நீச்சல் குளத்துல குளிச்சுட்டு வந்தா அடுத்த விமானத்துல உங்க பேரு இருக்காது.

அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் கிடையாது. யாரு எவ்வளவு ஆடுவாங்க, யாரு பேச்சு சுத்தம்ங்கிறதெல்லாம் ஜங்கெட்காரர் தலைக்குள்ள. அதுதான் அவரோட முதலீடு.

அந்த நோட்டுப் புத்தகத்துல என்ன எழுதுறாங்க?

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பெருக்கல் மட்டும்தான்.

கேசினோ உங்களுக்கு எவ்வளவு இலவசம் தரலாம்னு முடிவு பண்றது நீங்க நிஜமா தோத்த பணத்தை மட்டும் வச்சு இல்ல. நீங்க சராசரியா எவ்வளவு தோக்கணுமோ, அதை வச்சு. நாலு விஷயம் பார்ப்பாங்க. ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு வைக்கிறீங்க, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஆட்டம், மொத்தம் எத்தனை மணி நேரம், அந்த ஆட்டத்துல கேசினோவோட பங்கு எத்தனை சதவீதம். நாலையும் பெருக்கினா வர்ற தொகைதான் உங்க எதிர்பார்ப்பு நஷ்டம். அதுல ஒரு பகுதியை உங்களுக்கே ரூமாவும் சாப்பாடாவும் திருப்பித் தர்றாங்க.

ஒற்றைப் பூஜ்ய ரூலெட்டையே எடுத்துக்குவோம். ஒரு சுத்துக்கு 1,000 ரூபா வைக்கிறீங்க. மணிக்கு 40 சுத்து. ரெண்டு ராத்திரி சேர்த்து 10 மணி நேரம். மொத்தம் நீங்க வச்ச பந்தயம் 4 லட்சம் ரூபா. அதுல 2.7 சதவீதம், 10,800 ரூபா. இதுதான் உங்க எதிர்பார்ப்பு நஷ்டம். நிஜத்துல நீங்க 50,000 ஜெயிச்சும் வரலாம், ஒரு லட்சம் தோத்தும் வரலாம். ஆனா உங்களை மாதிரி ஆயிரம் பேர் வந்தா, ஆளுக்கு ஏறக்குறைய அந்த 10,800தான் கேசினோ கையில நிக்கும்.

இப்போ கணக்கைத் தலைகீழா போடுங்க. விமானமும் ரூமும் சாப்பாடும் சேர்த்து உங்களுக்காக 25,000 ரூபா செலவு பண்றாங்கன்னு வைங்க. எதிர்பார்ப்பு நஷ்டத்துல 30 சதவீதத்தை இலவசமா திருப்பித் தர்றாங்கன்னும் வச்சுக்குவோம். அப்படின்னா உங்ககிட்ட அவங்க எதிர்பார்க்கிற நஷ்டம் 83,000 ரூபாய்க்கு மேல. அதுக்கு நீங்க வைக்க வேண்டிய மொத்தப் பந்தயம் ஏறக்குறைய 31 லட்சம். அதே 10 மணி நேரம், 400 சுத்துன்னா, ஒவ்வொரு சுத்துக்கும் 7,700 ரூபா.

ஆஃபர் வந்ததும் முதல்ல இதைத்தான் யோசிக்கணும். என்னைப் பார்த்தா ஒரு சுத்துக்கு 7,700 ரூபா வைக்கிற ஆள்னு இவங்க ஏன் நினைச்சாங்க?

சில்லறை ரோலும் பிளாஸ்டிக் கார்டும்

பெரிய பணக்காரங்களுக்கு மட்டும்தான் இலவசம்னு நினைக்காதீங்க. அமெரிக்காவோட கிழக்குக் கரையில அட்லான்டிக் சிட்டி இருக்கு. 1976ல மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதி கொடுத்தாங்க, 1978 மே மாசம் முதல் கேசினோ திறந்தது. நியூயார்க்கும் ஃபிலடெல்ஃபியாவும் பஸ் தூரம்.

அங்க பஸ்தான் ஆயுதம். பென்ஷன் வாங்குற தாத்தா பாட்டிகளை ஏத்திட்டு ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான பஸ் வரும். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசுக்கு ஈடா, இறங்கினதும் கையில ஒரு ரோல் கால் டாலர் காசும், சாப்பாட்டுக் கூப்பனும் கொடுப்பாங்க. திரும்பிப் போற பஸ் சில மணி நேரம் கழிச்சுத்தான். கையில சில்லறை, எதிர்ல ஸ்லாட் மெஷின், போறதுக்கு வேற இடம் இல்ல. அந்த ரோல் எங்க போகும்னு சொல்லணுமா?

கால் டாலர் காசு பேர் சொல்லாது. யாரு போட்டாங்கன்னு தெரியாது. அதுக்குத்தான் அடுத்து வந்தது மெம்பர் கார்டு. மெஷின்ல கார்டைச் சொருகினா ஒவ்வொரு தடவை பட்டனைத் தட்டுறதும் உங்க பேர்ல பதிவாகும். பிக் ஜூலி தலைக்குள்ள இருந்த நோட்டுப் புத்தகம் இப்போ கம்ப்யூட்டருக்குள்ள வந்துடுச்சு.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது ஹாரா'ஸ் நிறுவனம். 1998ல ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்ல வாத்தியாரா இருந்த கேரி லவ்மேன் அங்க பொறுப்புக்கு வந்தார். 2003ல அவரே ஒரு கட்டுரை எழுதினார். அதுல ரெண்டு தகவல் முக்கியம்.

ஒண்ணு, வாடிக்கையாளர்கள்ல 26 சதவீதம் பேர்தான் வருமானத்துல 82 சதவீதத்தைக் கொடுத்தாங்க. அவங்க யாருன்னு பார்த்தா, கோட்டு சூட்டு போட்ட கோடீஸ்வரங்க இல்ல. ஓய்வு நேரமும் கொஞ்சம் செலவழிக்கப் பணமும் இருந்த நடுத்தர வயசுக்காரங்க, வயசானவங்க. முன்னாள் டீச்சர், பேங்க்காரர், டாக்டர், மெஷின் ஆப்பரேட்டர்.

ரெண்டு, ஒரு சோதனை. மிசிசிப்பி மாநிலத்து ஸ்லாட் ஆட்டக்காரங்களை ரெண்டு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு 125 டாலர் மதிப்புள்ள பேக்கேஜ்: ரூம், ரெண்டு ஸ்டேக் சாப்பாடு, 30 டாலர் சிப்ஸ். இன்னொரு குழுவுக்கு வெறும் 60 டாலர் சிப்ஸ். பாதி விலையில இருந்த ரெண்டாவது ஆஃபர்தான் அதிக ஆட்டத்தைக் கொண்டு வந்தது.

அதனால உங்க ஆஃபர்ல 'ஃப்ரீ சிப்ஸ்'னு பெருசா போட்டிருந்தா, அதுதான் தங்கள் செலவைச் சீக்கிரம் திருப்பிக் கொண்டு வரும்னு அவங்களுக்கு எப்பவோ தெரியும்.

கடன் யார் கையில?

இதுவரைக்கும் சொன்னது நீங்க சொந்தக் காசுல தோக்கிற கதை. அதோட முடிஞ்சா பரவாயில்ல. உண்மையான ஆபத்து அதுக்கு அடுத்த படி.

ஒரு வேடிக்கையான உண்மை. சூதாட்டத் தலைநகரமான நெவாடாவுலயே 1983 வரைக்கும் சூதாட்டக் கடனை வசூலிக்கக் கோர்ட்டுக்குப் போக முடியாது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சட்டத்தோட வழியில, அது சட்டப்படி கடனே இல்லன்னு நீதிமன்றங்கள் சொல்லிட்டு இருந்தாங்க. 1983ல சட்டத்தை மாத்தினாங்க. இப்போ அங்க நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற 'மார்க்கர்' ஒரு செக் மாதிரி. கட்டலைன்னா பவுன்ஸ் ஆன செக்னு கிரிமினல் வழக்கே வரும்.

அப்போ 1983க்கு முன்னாடி எப்படி வசூல் பண்ணாங்க? உங்களைக் கூட்டிட்டு வந்த ஆள் மூலமா. உங்க வீடு, கடை, சொந்தக்காரங்க எல்லாம் தெரிஞ்சவர் அவர்தானே. கோர்ட் இல்லாத இடத்துல வசூலிக்கப் போறவர் யாருன்னு யோசிச்சாலே, அந்தக் காலத்து லாஸ் வேகாஸ்ல கிரிமினல் கும்பல்களுக்கு என்ன வேலைன்னு புரியும்.

இதே கதை மக்காவுல இன்னும் பெருசா நடந்தது. 1962ல இருந்து பல வருஷம் ஸ்டான்லி ஹோவோட கம்பெனிக்குத்தான் அங்க கேசினோ ஏகபோகம் இருந்தது. 1980கள்ல விஐபி ரூம்களை ஜங்கெட் ஏஜென்ட்கள் கையில விட ஆரம்பிச்சாங்க. சீனாவுல இருந்து வெளிய பணம் எடுத்துட்டுப் போகக் கட்டுப்பாடு இருக்கு. சூதாட்டக் கடனைச் சீனக் கோர்ட் வசூலிச்சுத் தராது. ரெண்டுக்கும் ஒரே தீர்வு ஏஜென்ட்தான். அவர் ஆளைக் கூட்டிட்டு வருவார், மக்காவுல கடனுக்குச் சிப்ஸ் கொடுப்பார், ஊர்ல போய் வசூலிப்பார்.

இதுல கொடுக்கிற சிப்ஸ் தனி ரகம். அதை நேரா கொண்டுபோய்ப் பணமா மாத்த முடியாது. பந்தயம் வைக்க மட்டும்தான் ஆகும். ஜெயிச்சா வர்றது சாதா சிப்ஸ், அதை மறுபடி இந்த ரகமா மாத்தி ஆடிட்டே இருக்கணும். எவ்வளவு உருட்டுறீங்களோ அந்த அளவுக்கு ஏஜென்ட்டுக்குக் கமிஷன். 2009ல மக்காவ் அரசு அந்தக் கமிஷனுக்கு 1.25 சதவீதம்னு உச்சவரம்பு வச்சது. ஒன்றேகால் சதவீதம்தானேன்னு தோணும். 2013ல மக்காவ் கேசினோக்களோட வருமானம் ஏறக்குறைய 4,500 கோடி டாலர். அதுல மூணுல ரெண்டு பங்கு விஐபி ரூம்ல இருந்து வந்தது.

முடிவு? 2021 நவம்பர்ல மிகப் பெரிய ஜங்கெட் நிறுவனமான சன்சிட்டியோட தலைவர் ஆல்வின் சாவ் கைதானார். 2023 ஜனவரியில மக்காவ் நீதிமன்றம் அவருக்கு 18 வருஷச் சிறை கொடுத்தது.

சிங்கப்பூர்ல 2010ல கேசினோ திறந்தப்போ, ஜங்கெட் ஏஜென்ட்களைக் கிட்டத்தட்ட உள்ளயே விடல. மிகச் சிலருக்கு மட்டும் உரிமம். சொந்தக் குடிமக்கள் உள்ள போகணும்னா நாளைக்கு 100 சிங்கப்பூர் டாலர் கட்டணும், இப்போ 150. நேபாளத்துல அந்நாட்டுக் குடிமக்கள் கேசினோவுல ஆடக் கூடாது. கோவாவுல 2020ல இருந்து கோவாக்காரங்களுக்குத் தடை. மொனாக்கோவுல பார்த்த அதே விதிதான்.

நம்ம பக்கத்துக் கதை

காத்மாண்டுல 1960களோட கடைசியிலயே கேசினோ வந்துடுச்சு. அதோட வாடிக்கையாளர்கள்ல பெரும்பகுதி நம்ம ஆளுங்கதான். கோவாவுல 1990கள்ல சட்டத்தைத் திருத்தினாங்க. ஐந்து நட்சத்திர ஹோட்டல்ல மெஷின், அப்புறம் தண்ணி மேல கப்பல். பனாஜிக்குப் போனா மாண்டோவி ஆத்துல விளக்குப் போட்டு நிக்கிற கப்பல்களைப் பார்க்கலாம்.

கொழும்புல 2025 ஆகஸ்ட்ல சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ் திறந்தாங்க. இலங்கையோட ஜான் கீல்ஸ் குழுமமும், மெல்கோ நிறுவனமும் சேர்ந்தது. மெல்கோவை நடத்துற லாரன்ஸ் ஹோ யாருன்னா, மக்காவ் ஸ்டான்லி ஹோவோட மகன். சென்னையில இருந்து கொழும்புக்கு விமானத்துல ஒன்றரை மணி நேரம்தான். அங்க ஏற்கனவே இருந்த பழைய கேசினோக்களும் இந்தியாக்காரங்களை நம்பித்தான் ஓடுச்சு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன். புறநகர்ல டைல்ஸ் கடை வச்சிருக்கார். ஒரு ஏஜென்ட் மூலமா மூணு தடவை வெளிநாட்டுக்கு இந்த மாதிரி போயிட்டு வந்தார். "எப்படிண்ணே இருந்துச்சு?"ன்னு கேட்டா ரூம் ஜன்னல்ல இருந்து தெரிஞ்ச கடல், ராத்திரி ரெண்டு மணிக்கு வந்த இறால் வறுவல் எல்லாம் சொல்வார். "எவ்வளவுண்ணே போச்சு?"ன்னா, "கொஞ்சம் போச்சு, கொஞ்சம் வந்துச்சுப்பா." அவருக்கே தெரியாது. ஏஜென்ட்டுக்கு ரூபா வரைக்கும் தெரிஞ்சிருக்கும். நாலாவது தடவை கையில இருந்தது தீர்ந்ததும், "நீங்க நம்ம ஆளு, இருக்கட்டும் அண்ணா"ன்னு சிப்ஸ் கடனா வந்திருக்கு. ஊருக்கு வந்த மறுவாரம் கடைக்கு ரெண்டு பேர் வந்தாங்க. மிரட்டல, சத்தம் போடல. வாசல்ல சேர் போட்டு உட்கார்ந்து டீ குடிச்சாங்க. மறுநாளும் வந்தாங்க. பத்து நாள். அண்ணி என்கிட்ட ஃபோன்ல சொன்னப்போதான் வீட்டுக்கே தெரியும். வண்டியையும் நகையையும் வித்துத்தான் முடிச்சாங்க.

நம்ம ஊர்லயும் 1872 ஒப்பந்தச் சட்டத்தோட 30ஆவது பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லுது. அதை வச்சு இந்தியக் கோர்ட்ல வசூலிக்க முடியாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய நெவாடாவுல நடந்ததும் இதுதான், மக்காவுல நடந்ததும் இதுதான். கோர்ட் வராத இடத்துக்குச் சேர் போட்டு உட்கார ஆள் வருவாங்க. அதோட பணம் எப்படி எல்லை தாண்டுச்சுங்கிற கேள்வியும் இருக்கு. 2022 ஜூலையில நேபாளத்துக்கு ஆள் கூட்டிட்டுப் போன கேசினோ பயணங்கள் தொடர்பா, அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ அமலாக்கத்துறை ஹைதராபாத்ல சோதனை பண்ணிச்சு.

அப்போ என்ன எதிர்பார்க்கலாம்?

நல்ல ரூம் எதிர்பார்க்கலாம். நல்ல சாப்பாடு, கேட்காமலே வர்ற குடி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு வரவேற்கிற ஆள். இதெல்லாம் பொய் இல்ல, நிஜமாவே கிடைக்கும். போறதுக்கு முன்னாடி ஏஜென்ட்கிட்ட இதை எல்லாம் கேட்டு, பதிலை எழுத்துல வாங்குங்க.

டெபாசிட் முழுசும் எனக்குப் பணமா திரும்பக் கிடைக்குமா, இல்ல சிப்ஸா மட்டுமா? அந்தச் சிப்ஸை ஆடாமலே பணமா மாத்த முடியுமா? எத்தனை தடவை உருட்டணும்? கோவாக் கப்பல் பேக்கேஜ்கள்லயே ஒரு தடவை மட்டும் பந்தயம் வைக்கிற சிப்ஸ் சேர்த்துத் தர்றது உண்டு. அதைப் பணம்னு எண்ணிக்காதீங்க.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், சராசரி எவ்வளவு வச்சு ஆடணும்? அந்த அளவுக்கு ஆடலைன்னா டிக்கெட், ரூம் காசை என் டெபாசிட்ல பிடிச்சுக்குவீங்களா? பதில் வந்ததும் மேல சொன்ன பெருக்கலைப் போடுங்க. வர்ற எதிர்பார்ப்பு நஷ்டத்தையும், அதே பயணத்தை நீங்களே புக் பண்ணா ஆகுற செலவையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. கொழும்பு நல்ல ஊரு. கடற்கரையும் கொத்து ரொட்டியும் கேசினோ இல்லாமலே கிடைக்கும்.

கடைசியா, உங்களுக்குக் கமிஷன் எதுல வருதுன்னு ஏஜென்ட்கிட்டயே கேளுங்க. நான் ஆடறதுலயா, தோக்கிறதுலயா? இதுக்கு நேரா பதில் சொல்ற ஏஜென்ட்டை நான் இன்னும் பார்க்கல.

போறதுன்னே முடிவு பண்ணிட்டீங்கன்னா, தோத்தாலும் வீட்டுல யாருக்கும் மறைக்க வேண்டியிருக்காத ஒரு தொகையை மட்டும் கொண்டு போங்க. கார்டை ஊர்லயே விட்டுட்டுப் போங்க. யார் கொடுத்தாலும் கடன் சிப்ஸ் வாங்காதீங்க, எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போடாதீங்க. திரும்பி வர்ற டிக்கெட்டை நீங்களே, உங்க காசுல, உங்க ஃபோன்ல புக் பண்ணுங்க. எப்போ எழுந்திரிக்கணும்ங்கிற முடிவு அப்போ உங்க கையில இருக்கும்.

ஏற்கனவே போய் மாட்டிக்கிட்டு, யார்கிட்டயும் சொல்ல முடியாம இருக்கிறவங்க யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா, அரசோட டெலி மானஸ் உதவி எண் 14416. தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. அடுத்த கடனை வாங்கி முந்தின கடனை அடைக்கிறதுக்கு முன்னாடி, வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. அந்த அண்ணன் அதை ஒரு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா, வண்டியாவது மிஞ்சியிருக்கும்னு அண்ணி இன்னைக்கும் சொல்வாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.